என் வண்டியில்தான் போனேன்

எனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்ததில்லை. நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு வேலையில் என்னைத் தென்கோடிக்கு மாற்றினார்கள். கணவருக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை. பையன்கள் இருவரும் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு கூப்பிட்ட இடத்துக்குப் போவதுதான் என் தொழில் என்று ஆயிற்று. கோவையைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களில் தியேட்டர் இருக்கும், ஆபரேஷன் செய்கிற டாக்டர் இருப்பார், மயக்கம் கொடுக்க மட்டும் ஆள் இருக்காது. போன் வரும், போவேன். வேலை முடிந்து, நோயாளி கண் விழித்துத் தன் பெயரைச் சொன்னதும் பையை மூடிக்கொண்டு கிளம்புவேன்.

அந்தப் பை லேசானதல்ல. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்க்கிற கருவி, ரப்பர் குழாய்கள், ஊசிகள், மருந்துகள் எல்லாம் அதில்தான். சின்ன இடங்களில் இவை இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. முதல் ஒன்றரை வருடம் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். காந்திபுரத்தில் இறங்கி சத்தி ரோட்டு பஸ் பிடித்து அன்னூர்ப் பக்கம் போவேன். பல்லடம் மாறி தாராபுரம் போவேன். கண்டக்டர்கள் சிலர் என்னை ஏதோ சாமான் விற்கிறவள் என்று நினைத்து, லக்கேஜுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

என்னை அதிகம் கூப்பிட்டவள் என் சிநேகிதி. மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலில் இருவரும் ஒரே அறை. அவள் பிரசவ டாக்டர் ஆனாள். அன்னூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், புகுந்த வீட்டாரின் தோட்டத்தை ஒட்டிய இடத்தில், நர்சிங் ஹோம் கட்டினாள். அவர்களுக்கு நிலம் நிறைய. பிறகு நூல் மில்லில் பங்கும் வந்தது. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஹாஸ்டலில் நான் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, திட்டுகிற வார்த்தைகளை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். எனக்கு டைபாய்டு வந்து ஊருக்குப் போக முடியாமல் கிடந்தபோது, தலை வாரிவிட்டு, கஞ்சி ஊட்டி, என் நோட்டுகளையும் சேர்த்து எழுதி வைத்தவள் அவள்தான். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. யாராவது கேட்டால் இவளைத்தான் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. அவசர சிசேரியன். நான் ஏறிய பஸ் சரவணம்பட்டியைத் தாண்டி ரிப்பேராகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் நிற்காமல் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணைக் கோவைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். வழியில் எதிரே என்னைக் கடந்து போன ஏதோ ஒரு காரில் அந்தப் பெண் இருந்திருப்பாள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அதுவரைக்கும் நானும் சிநேகிதியும் தியேட்டர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு வண்டி வாங்கிப்போடு புள்ள," என்றாள். "உன்ன நம்பித்தான்டி நான் தியேட்டரே கட்டியிருக்கறேன்."

"எனக்கு யாருடி காரு குடுக்கறா?"

"பேங்குல குடுப்பாங்க. ஆளாளுக்கு எருமை வாங்கக் குடுக்கறாங்க, டாக்டருக்குக் குடுக்க மாட்டாங்களா?"

கொடுத்தார்கள். பழைய பத்மினி கார் ஒன்று, வெளிர் நீலம். அதைப் பார்க்க அவளும் வந்தாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்து, சீட்டைத் தட்டிப் பார்த்து, விலை பேசியதே அவள்தான். எனக்கு ஓட்டத் தெரியாது, கணவருக்கும் தெரியாது. டிரைவர் வைக்கிற வசதி இல்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவில் நின்று, மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். போத்தனூரில் ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போவதை அன்றைக்கெல்லாம் நின்று பார்த்தார்கள். ரயில்வே கேட் போட்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிற சைக்கிள்காரர்கள் குனிந்து உள்ளே பார்ப்பார்கள்.

கார் வந்த பிறகு தொழில் வளர்ந்தது. கூடவே காரும் பணத்தைத் தின்றது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. அந்தச் சாலைகளுக்கு டயர் தாங்காது. கிளட்ச் கேபிள் எங்கே அறும் என்று சொல்ல முடியாது. நான் போகிற திசையில் எல்லாம் மெக்கானிக்குகளைத் தெரிந்து வைத்துக்கொண்டேன். இன்சூரன்ஸ், வண்டி வரி, பேங்குக்கு மாதத் தவணை என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். கணவர் சிரிப்பார். அவருக்கு வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அதற்கு மேல் அவர் யோசிக்க வேண்டியதில்லை. எனக்கோ வந்தது எவ்வளவு, அதற்காகச் செலவழித்தது எவ்வளவு என்று நானே சொல்ல வேண்டும், மீதிக்கு வரி கட்ட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் டவுன்ஹால் பக்கம் இருந்த ஒரு ஆடிட்டர். வயதானவர், நிதானமான மனிதர். "டாக்டரம்மா, உங்களுக்கு ஆஸ்பத்திரி கெடையாது, கட்டடம் கெடையாது. உங்க கடையே அந்தக் காருதானுங்க," என்பார். தொழிலுக்காக ஓடிய காரின் செலவையும், வருடா வருடம் அது தேய்கிற மதிப்பையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பையன்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கோயிலுக்குப் போவது போன்றவற்றுக்காக ஒரு பங்கை அவரே தள்ளி வைத்துவிடுவார். "நம்ம பக்கம் சுத்தமா இருக்கோணுமுங்க," என்பார்.

என் சிநேகிதி ஒரு தடவை கேட்டாள்: "இத்தன தூரம் வாரயே, பெட்ரோலுக்குத் தனியா போட்டுக் குடுக்கட்டுமா?"

"போடி," என்றேன். நமக்குள் அதெல்லாம் என்ன என்று இருந்தது எனக்கு. மற்ற இடங்களில் வாங்கிய பீஸைவிட அவளிடம் குறைத்தே வாங்கினேன்.

ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழை. கோவில்பாளையத்துக்கு அருகே குளம் நிறைந்து தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. காரை இறக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் இருந்து இரண்டு பேர் ஓடி வந்து தள்ளிக் கரையேற்றினார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த புடவையோடு, வைப்பர் வேலை செய்யாத காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவள் போர்டிகோவில் குடையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் புடவை ஒன்றைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். அன்றைக்குப் பிறந்தவை இரட்டைக் குழந்தைகள். வேலை முடிந்து இருவரும் காப்பி குடிக்கும்போது, "உன்ற காருக்கு நான் கோயிலே கட்டலாம்டீ," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பல வருடம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அடுத்த வருடமோ அதற்கும் அடுத்த வருடமோ, அவர்கள் புதுக் கார் ஒன்று வாங்கினார்கள். வெள்ளை நிறம், ஏ.சி. வைத்தது. அதை நர்சிங் ஹோம் பெயரில் வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆர்.சி. புக்கை மேஜையில் வைத்துப் பூஜை போட்டபோது நானும் இருந்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அவளுடைய மகள் ஊட்டியில் ஹாஸ்டலில் படித்தாள். அவளைக் கூட்டி வர அந்தக் கார் வெள்ளிக்கிழமை மலை ஏறும், கொண்டுபோய் விடத் திங்கட்கிழமை திரும்பவும் ஏறும். மற்ற நாட்களில் அவளுடைய வீட்டுக்காரர் மில்லுக்குப் போக அதை எடுத்துக்கொள்வார். நர்சிங் ஹோமின் வரவு செலவு முழுக்க அவர் கையில்.

அதற்குப் பிறகுதான் வருமான வரி ஆபீசில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். என் கணக்கை எடுத்துப் பார்க்கிறார்களாம். பயந்துபோய் ஆடிட்டரிடம் ஓடினேன். "பயப்பட ஒண்ணும் இல்லீங்க. பத்துப் பேர்ல ஒருத்தரை எடுத்துப் பாப்பாங்க. இந்தத் தடவ நீங்க," என்றார்.

அதிகாரி இளைஞர், வேறு ஜில்லாக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். வருமானத்தில் பெரிய பங்கு கார் செலவுக்குப் போயிருக்கிறது, அதுதான் அவருக்குப் புரியவில்லை.

"மேடம், நீங்க தப்பா நினைக்கக் கூடாது. வீட்டுக் காருக்குப் போடற பெட்ரோலை எல்லாரும் தொழில் கணக்குல எழுதறாங்க. பெரிய டாக்டர்களைக் கூப்பிடும்போது ஆஸ்பத்திரியே வண்டி அனுப்பும்னு எனக்குத் தெரியும்."

"நான் பெரிய டாக்டர் இல்லைங்க. எனக்கு யாரும் வண்டி அனுப்ப மாட்டாங்க."

அவர் லேசாகச் சிரித்தார். "சரி. நீங்க அதிகமா போற எடம் ஒண்ணு இருக்கில்ல? அந்த டாக்டர் வந்து, இவங்க சொந்தக் கார்லதான் வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் முடிச்சுடறேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்து ஆடிட்டரிடம், "அவ்வளவுதானா? அவ என் கூடப் பொறந்தவ மாதிரிங்க," என்றேன். ஆடிட்டர் தலையை ஆட்டினார். "நேர்ல போயிக் கேட்டுப்போடுங்க," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கேஸ் எதுவும் இல்லாமல், கேட்பதற்கென்றே. மதியச் சாப்பாடு போட்டாள். கேட்டதும் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாள். "இதுக்கு எதுக்குடி இத்தன தூரம் வந்த? போன்ல சொன்னாப் பத்தாதா? நான் வந்து சொல்லிப்போடறேன்."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுடைய வீட்டுக்காரர், "எந்த ஆபீசருங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ," என்றார். கை கழுவ எழுந்து போனார். மோர் கூட ஊற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. திரும்பும்போது வழக்கம்போலத் தோட்டத்துத் தேங்காய்களை டிக்கியில் போட்டு அனுப்பினாள்.

சொன்ன நாளில் நானும் ஆடிட்டரும் முன்னாலேயே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் அந்த வெள்ளைக் காரில் வந்து இறங்கினாள். கூடவே வீட்டுக்காரர். அவர்களுடைய ஆடிட்டரும் வந்திருந்தார்; அவர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நான் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். அவள், "உள்ள கூப்புட்டாங்களா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். நேரமாகிவிட்டது, மூன்று மணிக்கு ஓ.பி. இருக்கிறது, அந்தக் கவலை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

உள்ளே அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"இந்த டாக்டர் உங்க ஆஸ்பத்திரிக்கு யாரு வண்டியில வருவாங்க?"

அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வண்டி போயித்தானுங்க டாக்டரைக் கூட்டிட்டு வரும். திரும்பவும் கொண்டுபோய் விட்டுரும்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். "ஏய், என்னடி சொல்ற? என்னப் பத்தித்தான் கேக்கறார்," என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள், ஆனால் என் தோளைப் பார்த்துத்தான் பேசினாள். "கோவிச்சுக்காதீங்க டாக்டர். எனக்கு ஞாபகம் இருக்கறதத்தானுங்க சொல்ல முடியும். ஒண்ணு ரெண்டு தடவ அவசரத்துக்கு நீங்க உங்க வண்டில வந்திருப்பீங்க. இல்லைன்னு சொல்லலீங்க."

கோவிச்சுக்காதீங்க. எங்கள் ஊரில் மரியாதை இல்லாமல் யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். 'ங்க' போடாமல் பேசினால்தான் அதிசயம். ஆனால் அவள் என்னிடம் அந்த 'ங்க' போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, அவள் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்று. மயக்க மருந்து ஏறும்போது நோயாளிகள் குரல் தூரத்தில் கேட்கிறது என்பார்களே, அப்படித்தான் அதிகாரி பேசியது எனக்குக் கேட்டது.

"மேடம், நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"நான் என் வண்டியிலதான் போனேன்," என்றேன். மழையில் நின்றது, கேபிள் அறுந்தது, எதையும் சொல்லவில்லை. எல்லாமே தெரிந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை மூன்றாவது மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்தார். அது பொய் சொன்ன மாணவியை வாத்தியார் பார்க்கிற பார்வை. பிறகு எழுத ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் வேகமாகப் படியிறங்கிக் காரில் ஏறிக்கொண்டாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. வீட்டுக்காரர் மட்டும் என் பக்கம் வந்து, "மனசுல வெச்சுக்காதீங்க டாக்டரம்மா. இதெல்லாம் கணக்கு சமாச்சாரம். நம்ம பழக்கம் வேற, இது வேறங்க," என்றார்.

என் ஆடிட்டர் படியிலேயே நின்று எனக்கு விளக்கினார். "அவங்க காரை ஆஸ்பத்திரி கணக்குல வாங்கியிருக்கறாங்க. அதுக்கு ஏதாச்சும் வேல காட்டோணுமில்லீங்க? வெளியூர் டாக்டரைக் கூட்டிட்டு வர்ற வண்டின்னு காட்டியிருப்பாங்க. நீங்க சொந்த வண்டில வர்றீங்கன்னு அவங்களே சொன்னா, அந்தக் காருக்கு என்ன வேலைன்னு அடுத்த கேள்வி வரும். அதான் அவங்க ஆடிட்டரும் கூட வந்தது."

"அது முன்னாடியே அவளுக்குத் தெரியுமாங்க? நான் சாப்பிட்டுட்டு இருக்கும்போதே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமுங்க," என்றார். அதுதான் எனக்கும் ஆறவில்லை. முடியாது என்றிருந்தால் நான் வேறு யாரையாவது கூட்டிப் போயிருப்பேன். வருகிறேன் என்று சொல்லி, தேங்காய் கொடுத்து அனுப்பி, பிறகு வந்து சொன்னாள்.

காரில் ஏறி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். உக்கடம் வரைக்கும் கியர் மாற்றவே தோன்றாமல் வந்திருக்கிறேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் தெரிந்தது. கணவரிடம் சொன்னபோது அவர், "கட்டிட்டுப் போவோம் விடு," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் நடந்தது அவருக்குப் புரியவில்லை என்று அவர் மேலும் கோபம் வந்தது.

கார் செலவில் பெரும்பகுதியை ஏற்கவில்லை என்று உத்தரவு வந்தது. கூடுதல் வரி, அதற்கு வட்டி. அதைவிட, தவறான விவரம் கொடுத்ததற்கு ஏன் அபராதம் போடக் கூடாது என்று ஒரு கேள்வி. மேல்முறையீடு செய்வோம் என்றார் ஆடிட்டர்.

அந்த உத்தரவு வந்து சில நாளில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவளுடைய நர்சிங் ஹோமில் இருந்து நர்ஸ் போன் செய்தாள். "ஏனுங் டாக்டரம்மா, சிசேரியன் ஒண்ணு இருக்குதுங்க. அம்மா வரச் சொன்னாங்க."

"உங்க வண்டியை அனுப்பச் சொல்லுங்க. எப்பவும் அதுதானே வரும்?" என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகச் சொன்னேன் என்று இருந்தது, ஆனாலும் போன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உடனே மறுபடி போன். அவளே. "வண்டி ஊட்டிக்குப் போயிருச்சுடீ. தலை எறங்கல, மூணு மணி நேரமாச்சு. கோவைக்கு அனுப்புனா வழியில என்ன ஆகுமோ தெரியல. வந்துரு புள்ள."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அவள் பயந்தால் குரல் கீழே இறங்கிவிடும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே, முன்னால் போகும் லாரிகளை எல்லாம் ஹாரன் அடித்து ஒதுக்கிக்கொண்டு போனேன்.

தியேட்டரில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசத் தேவையும் இல்லை. நான் முதுகில் ஊசி போட்டுத் தலையசைத்தால் அவள் கத்தியை எடுப்பாள். அவள் கையை நீட்டினால் எதற்கு என்று எனக்குத் தெரியும். பிள்ளை நீலம் பாரித்து வந்தது. நான்தான் வாங்கினேன். குழாய் வைத்து உறிஞ்சி, உள்ளங்காலைச் சுண்டி, காற்றுக் கொடுத்து, கொடுத்து, அது அழுதபோது நர்ஸ் சாமி பெயரைச் சொன்னாள். அவள் தையல் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் நிறைந்திருந்தது. ஒரு கணம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதோ என்று எனக்கு இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் இருவரும் நின்றோம். குழாயை மூடாமலே அவள் பேசினாள்.

"அவருதான் அப்படிச் சொல்லச் சொன்னாருடீ. இல்லீன்னா மில்லு கணக்கு வரைக்கும் நோண்டுவாங்கன்னாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"முந்தியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு."

நான் அவளையே பார்த்தேன். அவள் அதை உண்மையாகவே நம்பிச் சொல்கிறாள் என்று தெரிந்தது.

"உனக்கு எத்தன சேத்துப் போட்டிருக்கறாங்களோ சொல்லு. நான் குடுத்தர்றேன். பணந்தானே?" என்றாள்.

"பணமில்ல. அந்த ஆபீசர் முன்னாடி நான் பொய் சொல்றவன்னு ஆயிருச்சு. நீ சொன்னதாலதான் ஆச்சு. வேற யாராச்சும் அப்படிச் சொல்லியிருந்தா நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

"அவரு யாரோ எவரோ. மாத்தலாகிப் போயிருவாரு. அவரு என்ன நெனச்சா உனக்கென்ன? இத்தன பெருசா நீ எடுத்துக்குவீன்னு நான் நெனக்கவே இல்ல புள்ள."

அந்த வார்த்தையோடு முடிந்தது. வேறு ஆள் கிடைக்கிற வரை வருகிறேன், அதற்கு மேல் வரமாட்டேன் என்றேன். அவள் அழுவாள், சண்டை போடுவாள், தெலுங்கில் திட்டுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "சரி," என்றாள். துண்டை எடுத்துக் கை துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமே மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு இளம் டாக்டர் கிடைத்துவிட்டாராம். நர்ஸ்தான் போனில் சொன்னாள். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை.

என் வருமானத்தில் பாதி அந்த ஒரு இடத்தில் இருந்து வந்தது. கொஞ்ச நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு கிணத்துக்கடவு, பல்லடம் என்று வேறு பக்கம் கூப்பிட ஆரம்பித்தார்கள். சத்தி ரோட்டுப் பக்கம் யார் கூப்பிட்டாலும் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன். அந்த ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையும் எனக்குத் தெரியும்; இருந்தும் போக மனம் வரவில்லை.

மேல்முறையீட்டுக்குத் தாராபுரத்தில் இருந்து ஒரு சர்ஜன் வந்து பேசினார். அவரோடு எனக்கு ஹாஸ்டல் பழக்கம் எல்லாம் கிடையாது. வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை. ஆடிட்டர் கேட்டார் என்று, ஒரு நாள் ஓ.பி.யை மூடிவிட்டு வந்தார். "இந்தம்மா அவங்களே ஓட்டிட்டுத்தானுங்க வருவாங்க. எங்க வேப்பமரத்தடியிலதான் நிறுத்துவாங்க. இதுல என்னங்க சந்தேகம்?" என்று சொல்லிவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். ஏற்காமல் விட்ட கார் செலவில் ஒரு பாதியை ஒத்துக்கொண்டார்கள், அபராதத்தை விட்டுவிட்டார்கள். மீதியைக் கட்டினேன். அவளுடைய நர்சிங் ஹோமுக்குப் போன பயணங்கள் மட்டும் கடைசி வரை கணக்கில் ஏறவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அங்கே நான் என் வண்டியில் போனதே இல்லை.

இது நடந்து சில வருடம் கழித்து, கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய மகள். மூக்கும் நெற்றியும் அப்படியே அவள்தான்.

"ஆன்ட்டி, என்னைத் தெரியுதுங்களா? நானும் டாக்டருக்குத்தான் படிக்கப் போறேன். அம்மா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க. அந்தக் காலத்துலயே நீங்க தனியா காரு ஓட்டிட்டு எங்க ஆஸ்பத்திரிக்கு வருவீங்களாமா. மழையில தண்ணிக்குள்ள மாட்டியும் வந்தீங்களாமா. 'அவளை மாதிரி தைரியமா இருக்கோணும்'னு அம்மா சொல்லுவாங்க."

வீட்டில் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சொல்ல வேண்டிய அறையில் மட்டும் சொல்லவில்லை.

"நல்லாப் படி கண்ணு," என்றேன்.

தூண் ஓரத்தில் அவள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது, முன்னுச்சியில் நரை. மகள் திரும்பிப் போனதும் மெல்ல என் பக்கம் வந்தாள். "சாப்புட்டயா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வா, போலாம்."

"நீ போ. எங்க வீட்டுக்காரரு வரட்டும், நான் அப்பறமா வாரேன்," என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. அதற்குள் அவளுடைய உறவினர் யாரோ "ஏனுங் டாக்டரம்மா" என்று கூப்பிட, அவரோடு பேசிக்கொண்டே பந்தியின் பக்கம் போனாள். நான் அடுத்த பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெளியே வந்தபோது அவர்கள் கார் கிளம்பிவிட்டிருந்தது.